பழைய வீடு வாங்குமுன் செல்லு (கரையான்) பார்ப்பது எப்படி?

கேள்வி இதுதான். கல்லிடைக்குறிச்சியில் எழுபது, எண்பது வருஷத்து வீடு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. தெருவோடு ஒட்டிய வீடு, இரண்டு பக்கமும் பொதுச்சுவர். முன்கட்டு மரக்கட்டை பாவிய மச்சு, பின்கட்டு ஓடு. உரிமையாளர் மும்பையில் இருப்பதால் நாலு வருஷம் பூட்டிக் கிடந்தது. இப்போது விற்பதற்காகச் சுவருக்கு வெள்ளையடித்து, நிலை (வாசல் சட்டம்), கதவு எல்லாவற்றுக்கும் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். "தேக்கு மரம், செல்லே அண்டாது, அதுக்கு மேல மருந்தும் அடிச்சாச்சு" என்கிறார் தரகர். இரண்டு வாரத்தில் அட்வான்ஸ் கொடுக்க வேண்டும். அதற்குள் செல்லு இருக்கிறதா, இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நான் ஆசாரி வீட்டுப் பிள்ளை. அப்பாவோடு உளி பிடித்த நாளிலிருந்து பழைய வீடுகளைப் பிரித்துப் புதுப்பிக்கிற வேலைதான் எனக்கு. அம்பாசமுத்திரம், வீரவநல்லூர், சேரன்மகாதேவி, பாளையங்கோட்டை என்று ஆற்றோரத்து ஊர்களில் நான் கை வைத்த வீடுகளில் செல்லு எட்டிப் பார்க்காத வீடு குறைவு. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செல்லு இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக நல்ல வீட்டை விட்டுவிட வேண்டாம். ஆனால் எந்தப் பூச்சி, எந்த மரத்தில், எவ்வளவு தூரம் போயிருக்கிறது, இன்னும் உயிரோடு இருக்கிறதா என்ற நாலும் தெரியாமல் பணம் கொடுக்கவும் வேண்டாம்.

எல்லோரும் மரத்தைப் பார்க்கிறார்கள். செல்லு குடியிருப்பது மண்ணுக்குள். ராணி, குஞ்சு, முட்டை எல்லாம் அங்கேதான். மரத்துக்கு அது சாப்பிட வருகிறது, அவ்வளவுதான். அதன் உடம்பு வெள்ளையாக, மெதுமெதுவென்று இருக்கும். வெயிலும் காற்றும் பட்டால் காய்ந்து செத்துப்போகும். அதனால்தான் மண்ணையும் எச்சிலையும் குழைத்துச் சுவரோரமாகப் பென்சில் தடிமனுக்கு ஒரு கூரை போட்ட வழியைக் கட்டிக்கொண்டு ஏறுகிறது. அந்த மண் வரிதான் உங்களுக்கு முதல் சாட்சி. ஆகவே வீடு பார்க்கும்போது, "மண்ணிலிருந்து மரத்துக்குப் போக இந்த வீட்டில் எங்கெங்கே வழி இருக்கிறது?" என்ற கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு நடங்கள். கண் தானாகவே சரியான இடத்துக்குப் போகும்.

தரகர் உங்களை முன்வாசல் வழியாகக் கூட்டிப்போவார். நீங்கள் புறவாசலுக்குப் போய்விடுங்கள். அங்கேதான் ஈரம், விறகு, குப்பை, மரம் எல்லாம் இருக்கும். சுவரை ஒட்டி விறகு அடுக்கியிருந்த தடம் இருக்கிறதா, வெட்டிய தென்னை, முருங்கையின் அடிக்கட்டை மண்ணுக்குள் மக்கிக்கொண்டிருக்கிறதா, வேம்போ மாமரமோ நின்றால் அதன் பட்டையில் ஆள் உயரத்துக்கு மண் பூசிய மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். மரத்தில் மண் பூச்சு இருந்தால் பூமிக்கு அடியில் கூட்டம் இருக்கிறது என்று அர்த்தம். அது வீட்டுக்குள் வந்துவிட்டது என்று அதனால் முடிவு கட்ட முடியாது. ஆனால் எந்தப் பக்கத்துச் சுவரை அதிக நேரம் பார்க்க வேண்டும் என்று தெரிந்துவிடும். அப்புறம் அடித்தளச் சுவரைச் சுற்றி வாருங்கள். முன்பு கல்கட்டு ஒன்றரை அடி, இரண்டு அடி வெளியே தெரிந்திருக்கும். வருஷக்கணக்கில் மண் கொட்டி மேடாக்கி, இப்போது நிலைப்படிக்குக் கீழே ஒரு சாண்கூட இல்லாத வீடுகள் நிறைய. மண் மேலேறிய இடத்தில் செல்லுக்கு ஏணி வைத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

புற்று இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்தில் சில வீடுகளில் புறவாசல் மூலையில் புற்றுக்குப் பால் ஊற்றி, மஞ்சள் பூசிக் கும்பிடுகிற வழக்கம் இருக்கும். அதை இடிக்கச் சொல்ல மாட்டேன். புற்றுக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள மண்ணில் மருந்து கொடுத்துத் தடுக்க முடியும்.

இனி நிலைகள். செல்லு பார்ப்பதில் பாதி வேலை நிலையின் கால்களில் முடிந்துவிடும். புறவாசல் நிலை, குளிக்கிற இடத்து நிலை, அடுக்களை நிலை என்று தண்ணீர் புழங்குகிற வாசல்களில் தொடங்குங்கள். பழைய வீடுகளில் நிலைக்காலைத் தரைக்குள் மூன்று, நான்கு அங்குலம் புதைத்திருப்பார்கள். மரம் மண்ணைத் தொடுகிற இடம் அது. கையில் ஒரு திருப்புளி, ஒரு கோணி ஊசி, நல்ல டார்ச் போதும்.

வீரவநல்லூரில் ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அடுக்களை நிலை, காப்பிப்பொடி நிறத்தில் புது பெயின்ட், பளபளவென்று இருந்தது. வீட்டைப் பார்த்துக்கொள்கிற பெரியவர் பக்கத்திலேயே நின்றார். நான் கோணி ஊசியை எடுத்ததும், "அண்ணாச்சி, பெயிண்டு அடிச்சுப் பத்து நாள்கூட ஆகல, குத்தாதிய" என்றார். தரையிலிருந்து நாலு விரற்கடை உயரத்தில், யாருக்கும் தெரியாத உள்பக்கமாக, சும்மா வைத்து அழுத்தினேன். ஊசி வெண்ணெயில் இறங்குகிற மாதிரி கைப்பிடி வரை இறங்கிவிட்டது. பெரியவரிடம் கேட்டுக்கொண்டு திருப்புளியால் லேசாக நெம்பினேன். பெயின்ட் ஒரு தோல் மாதிரி கழன்று வந்தது. அதற்குக் கீழே மரம் இல்லை. அப்பளம் கனத்துக்கு ஒரு ஓடு, அதற்குள் ஈர மண் அடைத்த பொந்துகள், நடுவில் நார் நாராக மரத்தின் கெட்டியான வரிகள் மட்டும். டார்ச் வெளிச்சம் பட்டதும் குருணை அரிசி மாதிரி வெள்ளைப் பூச்சிகள் சிதறி உள்ளே ஓடின. பெரிய தலை உள்ள நாலைந்து மட்டும் பொந்தின் வாயில் நின்றுகொண்டன, அவை காவல்காரப் பூச்சிகள். காதை வைத்துக் கேட்டால் காய்ந்த இலையில் தூறல் விழுகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம். அவை தலையால் மரத்தைத் தட்டி மற்றவற்றை எச்சரிக்கிற சத்தம் அது. பெரியவர் பாவம், வாயடைத்துப் போய் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு உண்மையிலேயே தெரியாது.

செல்லு எப்போதும் மரத்தின் மேல்தோலை விட்டுவைத்துத்தான் உள்ளே தின்னும். அதனால் கண்ணை நம்பக்கூடாது, காதையும் விரலையும் நம்ப வேண்டும். திருப்புளியின் கைப்பிடியால் நிலையைக் கீழிருந்து மேலாக அரை அடிக்கு ஒரு தட்டு தட்டிக்கொண்டே போங்கள். நல்ல மரம் 'ணங்' என்று பதில் சொல்லும். அரித்த இடம் 'பொத்' என்று அமுங்கிக் கேட்கும். சத்தம் மாறுகிற இடத்தைச் சாக்பீஸால் குறித்துவைத்து, அங்கே மட்டும் ஊசியால் குத்துங்கள். வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். குத்தவே கூடாது என்று ஒருவர் பிடிவாதமாக நின்றால், அந்த நிலையை மாற்றுகிற செலவையும் சேர்த்தே விலை பேசுங்கள்.

புதுப் பூச்சில் பார்க்க வேண்டியது வேறு. டார்ச்சைச் சுவருக்கு நேராகப் பிடிக்காமல், சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். மேடு பள்ளம் எல்லாம் நிழல் போட்டுக் காட்டும். பெயின்ட் நரம்பு மாதிரி புடைத்து ஒரு கோடாகப் போனால் அதற்கு அடியில் மண் வரி இருக்கலாம். நிலையின் காலில் மட்டும் புதுச் சிமென்ட், ஓர் அறைக்கு மட்டும் புது டைல்ஸ், ஒரு சன்னலுக்கு மட்டும் புதுச் சட்டம் என்று இருந்தால், "இது மட்டும் ஏன் புதுசு?" என்று சாதாரணமாகக் கேளுங்கள். பெரும்பாலும் உண்மையைச் சொல்லிவிடுவார்கள்.

உள்ளே போனால், பூட்டிக் கிடந்த வீட்டில் செல்லு முதலில் பிடிப்பது நிலையை அல்ல. காகிதம், அட்டைப்பெட்டி, சாக்கு, பழைய துணி. பட்டாசலில், அதாவது கூடத்தில், சுவரில் மாட்டிய படங்களின் பின்புறம், சுவர் அலமாரியின் பின்பலகை, பரண், படிக்கட்டின் அடி, மீட்டர் பலகை, சுவிட்சுப் பெட்டி எல்லாம் பாருங்கள். கரண்ட் குழாய் வழியாக செல்லு மாடி வரை ஏறும். கை போகாத இடுக்கில் போனை நுழைத்து, ஃபிளாஷ் போட்டுப் படம் எடுங்கள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் போதும்.

இந்த வீட்டில் எனக்கு உண்மையான கவலை மச்சுதான். நிலை போனால் ஒரு நிலை. மச்சுக் கட்டை போனால் தலைக்கு மேல் உள்ள கூரை. கட்டை பாவிய மச்சு என்றால், உத்திரத்தின் மேல் ஒரு முழ இடைவெளியில் கட்டைகள், அதன் மேல் செங்கலைக் குத்தாக வைத்துச் சுண்ணாம்பில் கட்டி, மேலே தளம் போட்டிருப்பார்கள். கட்டையின் நடுப்பாகம் காற்றோட்டத்தில் இருப்பதால் நன்றாகவே இருக்கும். கெடுவது இரண்டு முனைகளும்தான். சுவருக்குள் புதைந்த முனைக்குக் காற்று கிடையாது, மேல்தளத்தில் ஒழுகினால் ஈரம் முதலில் அங்கேதான் இறங்கும். செல்லு சுவருக்குள்ளேயே ஏறி வந்தால் அது முதலில் தொடுகிற மரமும் அந்த முனைதான்.

செல்லு சுவருக்குள் எப்படி ஏறும் என்று கேட்பீர்கள். அந்தக் காலத்துச் சுவர்களை உடைத்துப் பார்த்திருக்கிறேன். வெளியே வழவழவென்று சுண்ணாம்புப் பூச்சு, உள்ளே செங்கலோ கல்லோ மண் சாந்தில் கட்டியிருப்பார்கள். மண் சாந்து செல்லுக்கு ராஜபாட்டை. வெளியில் ஒரு மண் வரிகூடத் தெரியாமல் அடித்தளத்திலிருந்து பத்தடி, பன்னிரண்டடி ஏறி, நேராக உத்திரத்தின் முனையில் போய்ச் சேரும். "சுவர் சுத்தமாக இருக்கிறது, செல்லே இல்லை" என்று சொல்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். அதனால் ஏணி போட்டு ஏறுங்கள். ஒவ்வொரு கட்டையும் சுவரைத் தொடுகிற இடத்திலிருந்து ஒரு முழம் வரை தட்டுங்கள், குத்துங்கள். கட்டையும் சுவரும் சேருகிற இடத்தில் மண் கசிந்து ஒட்டியிருக்கிறதா, கட்டையின் அடியில் சுண்ணாம்புப் பூச்சு நொறுங்கியிருக்கிறதா, ஒரு கட்டை மட்டும் மற்றவற்றைவிட இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இறங்கியிருப்பதைக் கண்டுபிடிக்க, சுவருக்குச் சுவர் ஒரு நூலைக் கட்டைகளின் அடியில் இழுத்துப் பிடித்தால் போதும். தளத்துக்கு மேலே ஏறியும் பாருங்கள். எங்கே தண்ணீர் தேங்கிப் பாசி படிந்திருக்கிறதோ, அதற்கு நேர் கீழே உள்ள கட்டைகளை இரண்டு மடங்கு கவனமாகத் தட்டுங்கள்.

இரண்டு பக்கமும் பொதுச்சுவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் பக்கத்து வீடுகளும் உங்கள் விசாரணையில் சேர்த்திதான். உங்கள் பக்கம் எவ்வளவு மருந்து கொடுத்தாலும், அடுத்த வீடு பத்து வருஷமாகப் பூட்டிக் கிடந்து அதன் புறவாசல் காடாக இருந்தால், சுவர் வழியாக வந்துகொண்டேதான் இருக்கும். குடியிருப்பவர்கள் இருந்தால் போய்ப் பேசுங்கள். "உங்க வீட்டுல செல்லு தொல்லை உண்டா?" என்று கேட்டால், அடுத்த வீட்டுக்காரர் மறைக்க ஒன்றுமில்லை. தரகரிடம் ஒரு மாதம் கேட்டாலும் கிடைக்காத விவரம் ஒரு டம்ளர் காப்பிக்குள் கிடைத்துவிடும்.

எந்த மாதத்தில் பார்க்கிறீர்கள் என்பதும் முக்கியம். இதில் நானே அடிபட்டிருக்கிறேன். எங்கள் குடும்பத்துக்காக ஒரு வீடு வாங்கியபோது சித்திரை மாதம். புறவாசல் சுவரில் மண் வரிகள் இருந்தன. உடைத்துப் பார்த்தால் தூள் தூளாக உதிர்ந்தது, ஒரு பூச்சி இல்லை. செத்த தடம் என்று நினைத்து விட்டுவிட்டேன். ஐப்பசி மழை இரண்டு பாட்டம் பெய்ததும் அதே இடத்தில் ஈர மண்ணால் புது வரி ஏறியது. தை மாதத்துக்குள் அடுக்களை அலமாரியின் கதவு கையோடு வந்துவிட்டது. வெயில் காலத்தில் செல்லு ஈரத்தைத் தேடி ஆழமாக இறங்கிவிடும், சாவதில்லை. ஆகவே கோடையில் காய்ந்த வரியைப் பார்த்தால், "இங்கே வந்துபோகிற பழக்கம் உண்டு" என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஆற்றுப் பாசனத்து ஊரில் இன்னொரு கணக்கும் உண்டு. கார் பருவத்து நெல் சாகுபடிக்குக் கன்னடியன் கால்வாயில் தண்ணீர் விட்டதும் கால்வாயை ஒட்டிய வீடுகளில் மண் ஈரமாகிவிடும். மழை இல்லாத மாதத்திலும் அங்கே செல்லு சுறுசுறுப்பாக இருக்கும்.

உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஒரு எளிய வழி. மண் வரி தென்பட்டால் முழுவதையும் சுரண்டி எடுக்காதீர்கள். நடுவில் ஒரு விரல் நீளத்துக்கு மட்டும் உடைத்து, பக்கத்தில் தேதி எழுதி, படம் எடுத்துவையுங்கள். மூன்று நாள், ஒரு வாரம் கழித்துப் போய்ப் பாருங்கள். உடைத்த இடம் புது ஈர மண்ணால் அடைபட்டிருந்தால் சந்தேகமே வேண்டாம். உங்களுக்கு இரண்டு வாரம் இருக்கிறதே, அதை இதற்குப் பயன்படுத்துங்கள். ஒரே தடவை போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள்.

தேக்கில் செல்லு அண்டாது என்பது பாதி உண்மை. தேக்கின் வைரத்தில், அதாவது நடுவில் உள்ள கருத்த பாகத்தில், செல்லு சுலபமாக வாய் வைக்காது. ஆனால் சுற்றியுள்ள வெள்ளைப் பகுதியை எந்த மரத்தில் இருந்தாலும் தின்னும், தேக்கானாலும் சரி. நிலையின் ஓரத்தில் வெளிறிய பட்டை தெரிந்தால் அங்கேதான் ஆபத்து. அதை மறைக்கத்தான் பெயின்ட். இன்னொன்று, தெருப்பக்கத்து நிலையும் கதவும் தேக்காக இருக்கும், உள்ளே போகப் போக மாறும். அடுக்களைக்கு வேம்பு, புறவாசலுக்கு மா, பின்கட்டு ஓட்டுக்கு என்ன கிடைத்ததோ அது. ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பாருங்கள். திசையன்விளை, உவரிப் பக்கம் வீடு பார்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அங்கே ஓட்டுக்கூரையில் பனங்கட்டைதான் அதிகம். நன்றாக முற்றிய பனையின் வெளிப்பாகம் கறுத்த நாரோடு இரும்பு மாதிரி இருக்கும், தலைமுறைக்கும் நிற்கும். உள்சோற்றைச் சரியாகச் செதுக்கி எடுக்காத கட்டையில் செல்லு உள்பக்கமாகத் தின்றுவிட்டு வெளி ஓட்டை விட்டுவிடும்.

செல்லு மட்டும்தான் என்று இல்லை. உளுத்துப்போவது வேறு. நிலைக்குக் கீழே, கட்டிலுக்குக் கீழே மைதா மாதிரி நைசான மாவு கொட்டிக் கிடந்து, மரத்தில் குண்டூசித் தலை அளவுக்கு வட்ட ஓட்டைகள் இருந்தால் அது வண்டு. அதற்கு மண்ணோ ஈரமோ வேண்டாம், வெள்ளைப் பகுதியில் உள்ள மாவுச்சத்துதான் வேண்டும். மூங்கில், மா, ரப்பர் மரம் எல்லாம் அதற்குப் பிடிக்கும். பழைய ஓட்டையிலிருந்தும் தட்டினால் மாவு கொட்டும், ஆகவே மாவைப் பார்த்ததும் பயப்பட வேண்டாம். துடைத்துவிட்டு, கறுப்புக் காகிதம் விரித்துவிட்டு வாருங்கள். அடுத்த முறை போகும்போது காகிதத்தில் புது மாவு இருந்தால் வண்டு உள்ளே இருக்கிறது. இதற்குத் தரையில் மருந்து ஊற்றிப் பிரயோசனம் இல்லை, மரத்துக்குள்தான் கொடுக்க வேண்டும். மருந்து அடித்தாச்சு என்று தரகர் சொல்வது தரைக்கு அடித்த மருந்தாக இருந்தால் இந்தப் பூச்சிக்கு அது கணக்கில் வராது.

கடலோரத்து ஊர்களில் காய்ந்த மரத்துக்குள்ளேயே குடியிருக்கிற இன்னொரு வகைச் செல்லும் உண்டு. அதற்கு மண் வரி கிடையாது. கசகசா மாதிரி மணி மணியாக எச்சம் கொட்டும், உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு மணிக்கும் ஆறு பட்டை தெரியும். இதுவும் மரத்துக்குள் வைத்தியம் பார்க்க வேண்டிய கேஸ். கூரை ஓடு தாங்குகிற கைமரத்து முனையில், மூங்கிலில் சுண்டுவிரல் போகிற அளவுக்குச் சுத்தமான வட்ட ஓட்டை இருந்தால் அது கருவண்டு. அடைத்துவிட்டால் சரி. கட்டெறும்பு மரத்தைத் தின்னாது, ஏற்கெனவே ஈரத்தில் இற்றுப்போன பொந்தில் குடியிருக்கும். அதைப் பார்த்தால் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள்.

சன்னல் விளிம்பில், பல்புக்குக் கீழே, சிலந்தி வலையில் கண்ணாடித் தாள் மாதிரி சிறகுகள் உதிர்ந்து கிடந்தால் கையில் எடுத்துப் பாருங்கள். நாலு சிறகும் ஒரே நீளம் என்றால் ஈசல், அதாவது சிறகு முளைத்த செல்லு. முன்சிறகு பெரிது, பின்சிறகு சிறிது என்றால் எறும்பு. ஈசல் மழைக்குத் தோட்டத்திலிருந்தும் வெளிச்சத்துக்கு வரும், அது எல்லா வீட்டிலும் நடப்பது. பூட்டிய அறைக்குள், சன்னல் எல்லாம் சாத்தியிருக்க, ஓர் இடத்தில் மட்டும் குவியலாகச் சிறகு கிடந்தால், அது அந்த அறையின் தரையிலிருந்தோ சுவரிலிருந்தோ புறப்பட்டிருக்கிறது.

"மருந்து அடிச்சாச்சு" என்பதை எப்படிச் சரிபார்ப்பது? பம்பை வைத்துக்கொண்டு நிலைக்கும் சுவருக்கும் மேலாகத் தெளித்துவிட்டுப் போவதையும் மருந்து அடித்தது என்றுதான் சொல்வார்கள். அது அன்றைக்கு மேலே இருந்த பூச்சியைக் கொல்லும், மண்ணுக்குள் இருப்பதைத் தொடாது. மண்ணெண்ணெய், கழிவு ஆயில் பூசுவதும் அப்படித்தான். கட்டிய வீட்டுக்கு முறையான வைத்தியம் என்ன என்று ஐ.எஸ். 6313 என்ற இந்தியத் தர நிர்ணயத்தின் 3ஆம் பகுதியில் சொல்லியிருக்கிறது. தரையும் சுவரும் சேருகிற ஓரத்தில் 300 மில்லிமீட்டருக்கு ஒன்றாக, அதாவது ஏறக்குறைய ஓர் அடிக்கு ஒன்றாக, 12 மில்லிமீட்டர் துளை போட்டு, கீழே உள்ள மண் வரை இறக்கி மருந்தைச் செலுத்தி, துளையை அடைக்க வேண்டும். வெளியே சுவரைச் சுற்றியுள்ள மண்ணுக்கும், நிலையும் சுவரும் சேருகிற இடத்துக்கும் தனியாகக் கொடுக்க வேண்டும். குளோர்பைரிபாஸ் 20 இ.சி. (எண் மருந்தின் சதவீதம், எழுத்து அதன் திரவ வகை) என்றால் 1 லிட்டர் மருந்துக்கு 19 லிட்டர் தண்ணீர். இமிடாகுளோபிரிட் 30.5 எஸ்.சி. என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 2.1 மில்லி. செல்லுக்கு இந்த இரண்டாவது மருந்து இருப்பதே தெரியாது. அதனால் விலகிப் போகாமல் அதன் வழியாகவே நடந்து, கூட்டத்துக்கும் கொண்டுபோகும்.

ஆகவே தரையோரத்தில் வரிசையாக அடைத்த துளைகள் இருக்கின்றனவா என்று குனிந்து பாருங்கள். இருந்தால் நல்லதுதான், யாரோ ஒழுங்காக வேலை செய்திருக்கிறார்கள். எப்போது செய்தது, என்ன மருந்து, பில் இருக்கிறதா, எத்தனை வருஷத்துக்கு உத்தரவாதம், உரிமையாளர் மாறினால் அது செல்லுமா என்று கேளுங்கள். செய்தவரிடம் 1968ஆம் வருஷத்துப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்படி உரிமம் இருக்க வேண்டும். துளையே இல்லாமல் "அடிச்சாச்சு" என்றால் அதை அடிக்காததாகவே வைத்துக்கொள்ளுங்கள். வீடு வாங்கியபின் நீங்களே மருந்து வைப்பதாக இருந்தால், புறவாசல் கிணற்றை மறக்க வேண்டாம். கிணற்றுக்குப் பக்கத்து மண்ணில் இந்த மருந்தை ஊற்றவே கூடாது, குடிதண்ணீரில் இறங்கிவிடும். கிணறு எங்கே இருக்கிறது, சுவரிலிருந்து எவ்வளவு தூரம் என்று வேலைக்காரரிடம் முதலிலேயே காட்டிவிடுங்கள்.

வெள்ளத்தைப் பற்றியும் விசாரியுங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணிக் கரையில் எத்தனையோ வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. இந்த வீட்டுக்குள் வந்ததா, எத்தனை அடி நின்றது, எத்தனை நாள் கழித்து வடிந்தது என்று தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதற்கு முன்னால் வைத்த மருந்து இருந்தாலும், அதன் மேல் வண்டல் படிந்துவிட்டால் செல்லு வண்டலுக்குள்ளேயே வந்து சுவரில் ஏறிவிடும். தண்ணீரில் நின்ற நிலைக்கால்களும் பூட்டிய வீட்டில் காய நெடுநாள் ஆகியிருக்கும்.

சட்டத்தில் இதற்கு ஓர் இடம் இருக்கிறது. 1882ஆம் வருஷத்துச் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவின்படி, சொத்தில் உள்ள முக்கியமான குறை விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாமல், சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் தெரியாத குறையாக இருந்தால், விற்பவர் அதைச் சொல்லியே ஆக வேண்டும். அந்தச் 'சாதாரணக் கவனம்' என்ற வார்த்தையைக் கவனியுங்கள். நிலையில் கண்ணுக்குத் தெரிகிற மண் வரியைப் பார்க்காமல் விட்டுவிட்டுப் பிறகு சண்டைக்குப் போனால் பலன் இருக்காது. அமெரிக்காவில் வீடு வாங்குபவர்கள் மரம் அரிக்கும் பூச்சிகளுக்கென்றே தனி அறிக்கை வாங்குகிற வழக்கம் உண்டு. நமக்கு அப்படி எதுவும் இல்லை. கடன் கொடுக்கிற வங்கி அனுப்பும் பொறியாளர் வீட்டின் மதிப்பைப் பார்ப்பார், கட்டை முனையைக் குத்திப் பார்க்க மாட்டார். அதனால் கிரய ஒப்பந்தத்தில் இரண்டு வரி சேர்க்கச் சொல்லுங்கள். செல்லு பாதிப்பு பற்றித் தமக்குத் தெரிந்ததை விற்பவர் எழுத்தில் சொல்ல வேண்டும், கிரயத்துக்கு முன் கண்டுபிடித்த மரச்சேதத்தின் செலவை விலையில் கழிக்க வேண்டும் என்று. நியாயமான ஆள் மறுக்க மாட்டார்.

கண்டுபிடித்தபின் எப்படி முடிவு செய்வது? கதவு, சன்னல், அலமாரி, ஓரிரு நிலை போயிருந்தால் அது பணக் கணக்கு. ஓர் ஆசாரியைக் கூட்டிப்போய் மதிப்புப் போட்டு விலையில் குறையுங்கள். பின்கட்டு ஓட்டுக்கூரையில் நாலு கைமரமும் ரீப்பரும் போயிருந்தாலும் மாற்றிவிடலாம், அதிகம் கலங்க வேண்டாம். மச்சில் ஒரு கட்டை, இரண்டு கட்டை முனை இற்றிருந்தால் கீழே இரும்புச் சட்டம் கொடுத்துத் தாங்கலாம். உத்திரத்தின் முனையே 'பொத்' என்று கேட்டால், அல்லது கட்டைகளில் மூன்றில் ஒன்று ஊசியை உள்ளே விட்டால், கட்டட வேலை தெரிந்த பொறியாளர் ஒருவர் வந்து பார்த்துச் சொல்லும்வரை ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அந்த அறையில் பிள்ளைகளைத் தூங்கவைக்கப் போகிறீர்கள். விலை மலிவு என்பதற்காக அங்கே மனசைத் தளர்த்திவிட வேண்டாம்.

முதல் தடவை போகும்போது காலையிலேயே போங்கள், மூன்று மணி நேரம் ஆகும். புறவாசல், நிலைகள், மச்சுக் கட்டை முனைகள், தளத்தின் மேல், அப்புறம் இரண்டு பக்கத்து வீடுகள் என்று வரிசையாகப் பாருங்கள். மண் வரியை உடைத்துத் தேதி போட்டுவிட்டு, காகிதம் விரித்துவிட்டு வாருங்கள். பத்து நாள் கழித்து இன்னொரு தடவை. வீட்டில் பழைய மர ஏணி ஒன்று சாத்தியிருக்கும், அதில் ஏறாதீர்கள், அதையும் செல்லு தின்றிருக்கலாம். அம்பாசமுத்திரத்திலிருந்து ஓர் அலுமினிய ஏணியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு போங்கள்.